கேத்தே கொல்விட்ஸ் பற்றி உரையாற்றுவது எப்படி?

வெள்ளவத்தையில், கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஜேர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் பற்றிப் பேச விரும்புவோர், 1867இல் பிறந்தார் என்று ஆண்டுவரிசையில் தொடங்காமல், ‘பெற்றோர்’ என்னும் மரச்செதுக்கு அச்சோவியத்தை முதலில் திரையில் பெரிதாகக் காட்டுவது நல்லது. முழந்தாளிட்ட தந்தை ஒரு கையால் முகத்தை மூடியிருக்க, குனிந்து சரிந்த தாயின் உருவம் அவருடன் ஒரே கரிய திரளாக இணைவதை அவையோர் ஆறுதலாகப் பார்க்கட்டும். அதன்பின், 1914 ஒக்ரோபரில் கொல்விட்ஸின் மகன் பீட்டர் பெல்ஜியப் போர்முனையில் கொல்லப்பட்டதையும், அவனுக்கான நினைவுச் சிலைகள் 1932இல்தான் நிறுவப்பட்டதையும் சொல்லுங்கள். போரில் பிள்ளைகளை இழந்தவர்கள் நம் அவையிலும் இருப்பார்கள் என்பதால், ஒப்பீடுகளைத் தவிர்த்து அடங்கிய குரலில் சொல்வதே முறை. 1919இல் பிரஷ்யக் கலைக் கழகத்திற்குத் தெரிவானதும், 1933இல் நாஜிகளின் நெருக்குதலால் விலகியதும் ஓரிரு வாக்கியங்களில் அடங்கும்.