உடுக்கு ஒலியைப் பதிந்து ஓடாசிட்டியில் நீட்டுவது எப்படி?

தேவையானவை: உடுக்கு அடிப்பவர் ஒருவர், கைத்தொலைபேசி, கணினி, இலவசத் திறமூல மென்பொருளான ஓடாசிட்டி. கோயிலில் பதிவதென்றால் பூசாரியாரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பதிவு

எல்லாம் இங்கேதான் தங்கியிருக்கிறது. போனைத் தோலுக்கு நேரே பிடிக்காமல், ஒன்றரை மீற்றர் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மிக உரத்த அடியிலும் பதிவுச் செயலியின் ஒலி அளவுகாட்டி −6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. 0-ஐ முட்டினால் அலையின் முனை வெட்டுப்படும். பிறகு அதை முழுதாக மீட்க வழியில்லை.

போனில் உள்ள குரற்பதிவுச் செயலிகள் பல, ஒலியைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். பெரிய அடியும் சிறிய அடியும் ஒரே மட்டத்துக்கு வந்து, உடுக்கின் உயிர் போய்விடும். அந்த வசதியை நிறுத்தக்கூடிய செயலியில், வேவ் (WAV, சுருக்கப்படாத ஒலி) கோப்பாகப் பதியுங்கள். அடிக்கத் தொடங்குமுன் ஐந்து விநாடி வெறுமனே ஓடவிடுங்கள்.

முல்லைத்தீவு வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிற் பொங்கல் வரும் வைகாசியில் சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) மைக்கில் மோதி இரையும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, உடம்பால் மறைத்துப் பிடியுங்கள்.

2. துப்புரவு

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதியில் வேலை செய்யுங்கள். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் பில்டரை 80 ஹேர்ட்ஸில் போட்டால் காற்றின் இரைச்சல் பெருமளவு போகும். கூத்து மத்தளத்துக்கு 40 போதும். கூட்டினால் அதன் கனம் போய்விடும். அடுத்து, தொடக்கத்தில் வெறுமனே ஓடவிட்ட அந்த ஐந்து விநாடியைத் தெரிவுசெய்து நொய்ஸ் ரிடக்‌ஷனில் இரைச்சல் மாதிரியை எடுங்கள். பின் முழுவதையும் தெரிவுசெய்து, இரைச்சலை 6 டெசிபெல் மட்டும் குறையுங்கள். 12-க்கு மேலே போனால் அடியின் வால் தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகும்.

3. நீட்டல்

உடுக்கின் இடைக் கயிற்றை அழுத்தும்போது சுருதி வழுக்குகிற ஒரு விநாடியைத் தேடுங்கள். அதைப் புதிய தடத்தில் ஒட்டி, ஓடாசிட்டியில் ஒலியைப் பல மடங்கு நீட்டும் பால்ஸ்ட்ரெச்சில் நீட்டல் 40, நேரத் துல்லியம் 0.25 கொடுங்கள். நாற்பது விநாடி நீளமான, அடியே கேட்காத முழக்கம் வரும். தொடக்கத்தில் 0.2 விநாடி அமைதி சேர்ந்திருந்தால் அதுவும் எட்டு விநாடியாகிவிடும், நெருக்கமாக வெட்டுங்கள். தெரிவுசெய்த பகுதி மிகச் சிறிதென்றால் மென்பொருள் பிழை காட்டும்.

4. சேர்த்தல்

முழக்கத்தை 15 டெசிபெல் தணித்து மூல உடுக்கின் கீழே வையுங்கள். உடுக்கோடு பாடுபவர் இருந்து, அவரின் சுருதியோடு முழக்கம் சேராவிட்டால் சேஞ்ச் பிட்ச்சில் அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்த்துங்கள். உடுக்கின் தாளத்தை மட்டும் மெட்ரோனோமின் ஒரே சீரான வேகத்துக்கு இழுக்காதீர்கள். பாட்டு ஏற ஏற அடியும் விரைவதுதான் அதன் இலக்கணம்.