எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறதா? காயிலை இடம் மாற்றிப் பாருங்கள்

"இந்தக் காலத்து எஞ்சின்ல நாம கை வைக்கவே முடியாது" என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. முன்பு கார்புரேட்டரை டியூன் செய்ய வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைக்க வேண்டும். இப்போது இரண்டுமே கிடையாது, எந்த சிலிண்டரில் கோளாறு என்று எஞ்சினே சொல்லிவிடுகிறது.

என் வண்டி ஐடிலில் குலுங்கியது, மேட்டில் இழுவையே இல்லை, செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. (விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையே கெடுத்துவிடும்.)

முதலில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் (எஞ்சின் கண்டுபிடித்த கோளாறுகளைப் படிக்கும் இடம்) ஸ்கேனரைச் செருகுங்கள். ப்ளூடூத் வகையும் போதும், ஆனால் திரையுள்ள வயர் ஸ்கேனர்தான் என் தேர்வு, பாதியில் இணைப்பு அறுந்துபோகாது. அதில் வரும் கோளாறு எண் பி0301 என்றால் முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. எனக்கு வந்தது பி0302.

எஞ்சின் நன்றாக ஆறட்டும். அடுத்து காயில் (ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது) கனெக்டர், நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பல வருடச் சூட்டில் அந்த பிளாஸ்டிக் கிளிப் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். நான் அழுத்திக்கொண்டே இழுத்தேன், உடைந்து கையோடு வந்துவிட்டது. இழுக்காதீர்கள். கனெக்டரை முதலில் காயில் பக்கமாக உள்ளே தள்ளுங்கள், கிளிப்பின் பிடி தளரும், அப்போது கிளிப்பை அழுத்தினால் கனெக்டர் தானாகக் கழன்று வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே வேண்டாம்.

பெரும்பாலும் 10 மி.மீ. போல்ட் ஒன்றுதான், கழற்றிவிட்டு காயிலை இடம் வலமாகத் திருகித் தூக்குங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். எண் பி0303 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது. எனக்கு அப்படித்தான் ஆனது, ரப்பர் உறையில் முடியளவுக்கு ஒரு கருகிய கோடு. பி0302 அப்படியே நின்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள், அடுத்து பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்.

பிளக்கைக் கழற்றும் முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், தூசி சிலிண்டருக்குள் விழக் கூடாது. பிளக் கழற்ற காந்தம் வைத்த சாக்கெட்டையே வாங்குங்கள். புதிய பிளக்கை முதலில் கையால்தான் ஏற்ற வேண்டும், அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய செலவு. வாஷர் வைத்த 14 மி.மீ. பிளக்குக்குப் இறுக்கும் அளவு பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

பின்சேர்க்கை: பிளக் குழியில் ஆயில் நிற்கிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வால்வு கவர் பக்கத்து சீல் கசிகிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதன் ரப்பரும் ஊறிக் கெட்டுவிடும். அப்புறம், முதல் சிலிண்டர் பெரும்பாலும் பெல்ட் பக்கம் இருக்கும், ஆனாலும் கையேட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டே கழற்றுங்கள்.