ஆட்டுப் புண்ணில் புழு வைத்தால் என்ன செய்வது?

ஆடு ஒதுங்கி நிற்கிறது, ஓரிடத்தையே திரும்பித் திரும்பி நக்குகிறது, கிட்டப் போனால் நாற்றம் அடிக்கிறது. அப்படியென்றால் புண்ணில் புழு வைத்திருக்கும். மலேசியாவில் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மேயும் ஆட்டுக்கு மட்டை முள் குத்துவது சாதாரணம். அந்தக் கீறலே போதும். புழு வைப்பது கிரைசோமியா பெசியானா என்கிற ஈ. அது புண்ணின் ஓரத்தில் ஒரே தடவையில் 150 முதல் 200 முட்டை இடும். ஒரு நாளுக்குள் பொரிந்து, உயிருள்ள சதையைத் தின்னத் தொடங்கும். (மலட்டு ஈக்களை விட்டு இதை ஒழிக்கும் ஆராய்ச்சி நடந்ததும் நம் குளுவாங்கில் இருந்த இன்ஸ்டிடியூட் ஹைவான் என்ற கால்நடை நிலையத்தில்தான்.)

முதலில் ஒருவரை ஆட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, புண்ணைச் சுற்றி அகலமாக ரோமத்தைக் கத்தரியுங்கள். ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் முட்டைகளையும் சுரண்டி எடுங்கள்.

அடுத்து, கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் புழு ஸ்ப்ரேயை அடித்து, கொஞ்ச நேரம் விடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். பெரியவர்கள் ஊற்றியதுதான், ஆனால் நல்ல சதையையும் அது வேகவைத்துவிடும்.

இப்போது இடுக்கி. புழுக்கள் தலையைச் சதைக்குள் புதைத்து, வாலை மேலே வைத்து நெருக்கமாக நிற்கும். வாலைப் பிடித்து, நசுக்காமல் ஒவ்வொன்றாக இழுங்கள். எடுத்ததை மண்ணில் மட்டும் போடாதீர்கள்! வளர்ந்த புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஒரு வாரம் போல ஆனதும் ஈயாக வெளியே வரும். பக்கத்திலேயே கொதிநீர் வாளி வையுங்கள்.

அப்புறம் உப்புநீரால் குழியைப் பீய்ச்சிக் கழுவுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. கழுவிய பிறகு மறுபடி ஸ்ப்ரே. துணி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டாம்.

ஒரே நாளில் முடியாது. ஆழத்தில் இருப்பவை மறுநாள்தான் மேலே வரும். சிவப்பான புதுச்சதை தெரியும்வரை தினமும் பாருங்கள்.

கண், குறி, தொப்புள் பக்கம் புண் இருந்தாலும், ஆடு தீனி எடுக்காவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஐவர்மெக்டின் ஊசி எடையைப் பொறுத்தது, நீங்களாகப் போடாதீர்கள். தீபாவளிக்கோ முனியாண்டி பூஜைக்கோ வெட்டப் போகும் ஆடு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டபின் இறைச்சிக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அவர் சொல்வார்.

குட்டி போட்டதும் தொப்புள்கொடியை அயோடினில் முக்கிவிடுங்கள். காதில் அடையாளத் தோடு குத்திய பிறகும், விதை அடித்த பிறகும் காலை மாலை புண்ணைப் பாருங்கள்.