வீட்டில் தாய்லாந்து கிரீன் கறி: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

தாய்லாந்தில் இதற்குப் பெயர் ‘கேங் கியாவ் வான்’. கேங் என்றால் குழம்பு, கியாவ் என்றால் பச்சை, வான் என்றால் இனிப்பு. ஆனால் பின்னிரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் பால் கலந்தது போன்ற இளம்பச்சை நிறத்தைக் குறிக்கும். அதனால் பெயரைப் பார்த்துச் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். உறைப்பும் உப்பும் முன்னே நிற்கும் குழம்பு இது. இனிப்பு பின்னால் லேசாகத் தெரிந்தால் போதும்.

கீழே உள்ள அளவு நான்கு பேருக்கு.

விழுதுக்கு வேண்டியவை

பச்சை மிளகாய் 15, சின்ன வெங்காயம் 8, பூண்டு 8 பல், எலுமிச்சைப்புல் 2 தண்டு, பேரரத்தை ஒரு அங்குலத் துண்டு, கொத்தமல்லி வேர் 5, மல்லி ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகு அரைத் தேக்கரண்டி, இறால் விழுது ஒரு தேக்கரண்டி, எலுமிச்சைத் தோலின் பச்சைச் சீவல் ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி.

பட்டியல் நீளம்தான், ஆனால் பாதி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கும். கொத்தமல்லிக் கட்டு வாங்கியதும் வேரை வெட்டி எறிகிறோமே, அதுதான் இங்கே உயிர். இலையைவிட வேருக்கு மண்வாசனை கலந்த ஆழமான மணம் உண்டு. நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பயன்படுத்துங்கள். பேரரத்தை நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த துண்டாகத்தான் கிடைக்கும். அதை அரை மணி நேரம் வெந்நீரில் ஊற வைத்து அரைக்கலாம். அதுவும் இல்லையென்றால் இஞ்சி. மணம் மாறும், குழம்பு கெடாது. இறால் விழுது தாய்லாந்தில் ‘கபி’. பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்து அரைத்தது. டப்பாவைத் திறந்ததும் வரும் நெடிக்குப் பயப்பட வேண்டாம், வெந்ததும் அடங்கிவிடும்.

அரைப்பது

மல்லி, சீரகம், வெள்ளை மிளகு மூன்றையும் வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். எலுமிச்சைப்புல்லில் அடிப்பக்கம் நாலு அங்குலம் மட்டும் எடுத்து, மேல் மடலை உரித்துவிட்டு, மெல்லிய வட்டங்களாக நறுக்குங்கள். நீளமாக வெட்டினால் நார் பல்லில் சிக்கும். எலுமிச்சையைச் சீவும்போது வெள்ளைப் பகுதி வந்துவிடக் கூடாது, கசக்கும்.

உரலோ அம்மியோ இருந்தால் கடினமானதை முதலில் போடுங்கள்: எலுமிச்சைப்புல், அரத்தை, தோல் சீவல், உப்பு. அப்புறம் வேர், மிளகாய், பூண்டு, வெங்காயம். கடைசியில் பொடியும் கபியும். மிக்ஸியில் அரைத்தால் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விட்டு மையாக அரையுங்கள். நிறம் போதவில்லை என்று தோன்றினால் ஒரு கைப்பிடி மிளகாய் இலை சேர்க்கலாம், தாய்லாந்திலும் அப்படிச் செய்வார்கள்.

தேங்காய்ப்பால்

இந்தக் குழம்பின் ருசி மசாலாவில் பாதி என்றால், பால் திரிவதில் பாதி. மற்ற குழம்புகளில் தேங்காய்ப்பால் திரிந்துவிடக் கூடாது என்று கடைசியில் ஊற்றி இறக்குவோம். இங்கே நேர்மாறு. முதல் பாலை வேண்டுமென்றே திரிய வைத்து, அதிலிருந்து வரும் எண்ணெயில்தான் விழுதை வதக்க வேண்டும்.

ஒரு பெரிய தேங்காயைத் துருவி, கெட்டியான முதல் பால் ஒரு கோப்பை, இரண்டாம் பால் இரண்டு கோப்பை எடுத்து வையுங்கள். அகலமான சட்டியில் முதல் பாலை மட்டும் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். முதலில் நுரை பொங்கும். பிறகு குமிழ்கள் பெரிதாகும். எட்டுப் பத்து நிமிடத்தில் கொதிக்கும் சத்தம் மாறி, எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி சடசடவென்று கேட்கும். ஓரங்களில் தெளிந்த எண்ணெய் பொட்டுப் பொட்டாக மிதக்கும். அதுதான் பதம்.

அட்டைப்பெட்டிப் பாலில் இது பெரும்பாலும் நடக்காது. பிரியாமல் இருக்கவென்றே அதில் சிலவற்றைக் கலந்திருப்பார்கள். நான் முதல் தடவை செய்தபோது இருபது நிமிடம் கிளறிக்கொண்டே நின்றேன், கஞ்சி போலக் கெட்டியானதே தவிர ஒரு சொட்டு எண்ணெய் வரவில்லை. அந்தப் பால்தான் கையில் இருக்கிறதென்றால் காத்திருக்காமல் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழம்பு கூட்டுவது

எண்ணெய் பிரிந்ததும் விழுதில் நாலு மேசைக்கரண்டி போட்டு, தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வதக்குங்கள். முதலில் மிளகாய்க் கமறல் மூக்கில் ஏறும். அது போய் எலுமிச்சைப்புல் மணம் மேலே வரும்போது, எண்ணெயும் பச்சையாக மினுங்கும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

தொடைப்பகுதிக் கோழிக்கறி 400 கிராம், எலும்பில்லாமல் நறுக்கியது, போட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். மீன் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, பனைச்சர்க்கரை இரண்டு தேக்கரண்டி. தாய்லாந்தின் பெட்சபுரியிலும் நம் பனையிலிருந்துதான் சர்க்கரை காய்ச்சுகிறார்கள். கருப்பட்டி போட்டால் நிறம் கருக்கும், அதனால் பனங்கற்கண்டு நல்லது. இரண்டாம் பாலை ஊற்றி, நரம்பு நீக்கிக் கிழித்த மக்ரூட் எலுமிச்சை இலை நான்கைந்து போடுங்கள். அது கிடைக்காதவர்கள் நாரத்தை இலைக் கொழுந்து போடலாம்.

எட்டு நிமிடம் கொதித்ததும் நாலாக வெட்டிய பச்சைக் கத்தரிக்காய், ஒரு கைப்பிடி சுண்டைக்காய். ஆமாம், நம் சுண்டைக்காயேதான். அங்கே பச்சையாகக் கொத்துக் கொத்தாகப் போடுவார்கள், அந்த மெல்லிய கசப்பு பாலின் கொழுப்பைச் சமன் செய்யும். மூடி போடாதீர்கள், கத்தரிக்காய் வெந்த பிறகு அடுப்பில் விட்டும் வைக்காதீர்கள். பச்சை நிறம் மங்கிவிடும்.

உப்புப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் மீன் சாஸ். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு கைப்பிடி திருநீற்றுப்பச்சிலை தூவுங்கள். சப்ஜா விதை தரும் அந்தச் செடியின் ஒரு வகைதான் தாய் பேசில். துளசி வேண்டாம், அதன் காரம் வேறு.

புளி, தக்காளி, எலுமிச்சைச் சாறு, தாளிப்பு எதுவும் கிடையாது. குழம்பு நீர்க்க இருக்கிறதே என்று தேங்காய் அரைத்து ஊற்றவும் வேண்டாம். நீர்க்கத்தான் இருக்க வேண்டும், மேலே பச்சை எண்ணெய் மிதக்க.

சைவமாகச் செய்கிறவர்கள் கபிக்குப் பதில் புளிக்க வைத்த சோயா விழுதும், மீன் சாஸுக்குப் பதில் உப்பும் போட்டு, டோஃபு சேர்க்கலாம்.

சூடான சோற்றோடு சாப்பிடுங்கள். தாய்லாந்தில் ‘கனோம் ஜீன்’ என்ற அரிசி நூடுல்ஸ் மேலும் இதை ஊற்றுவார்கள். மாவைக் கொதிநீரில் பிழிந்து எடுப்பது அது. நான் இடியாப்பத்தின் மேல் ஊற்றிச் சாப்பிடுவேன், நன்றாகவே சேருகிறது. மிச்ச விழுதின் மேல் எண்ணெய் விட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.