கடை வெப்சைட்டுக்கு எந்தக் காவல் போதும்?

பாளையங்கோட்டையில் இருந்து சுற்றுவட்டாரக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். "செக்யூரிட்டிக்கு என்ன வாங்கணும்?" என்று கேட்கும் அண்ணாச்சிகளிடம் நான் முதலில் கேட்பது, "உங்க சைட்ல யாரோட விவரம் சேருது?" என்பதுதான்.

பத்தமடைப் பாய்க்குப் படமும் விலையும் வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் போட்டிருந்தால் தேவை கொஞ்சம்தான். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுத்தால், ஊர் ஊராக வாடிக்கையாளர்களின் முகவரியும் போன் நம்பரும் உங்கள் பொறுப்பில் வந்துவிடும். அதற்கேற்ப காவலும் கூட வேண்டும்.

ஆனால் எந்தக் கடையாக இருந்தாலும் டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்) கணக்கை இன்றைக்கே திறந்து பாருங்கள். அதில் இருக்கும் இமெயில் உங்களுடையதா, சைட் செய்து தந்த தம்பியுடையதா? ஓடிபி யார் போனுக்கு வருகிறது? அந்தத் தம்பி சென்னைக்கு வேலைக்குப் போய் நம்பரையும் மாற்றிவிட்டால், உங்கள் கடைப் பெயரைப் புதுப்பிக்கவே அவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். டொமைன், ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்), அந்த இமெயில் மூன்றும் முதலாளி பெயரில் இருக்கட்டும். மூன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு, பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொன்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. இதற்குக் காசே ஆகாது. நான் பார்த்தவரை பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

சைட்டுக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் போகும் விவரத்தைப் பூட்டி அனுப்ப உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் யோசியுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது, சின்னக் கடைக்கு அது தாராளம்.

சைட்டை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்திருந்தால் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பயன்படுத்தாத பிளகினை (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் மென்பொருள்) நிறுத்தி வைத்தால் போதாது, அழித்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய 'தீம்' (சைட்டின் தோற்ற வடிவமைப்பு) ஒன்றை யாராவது சும்மா தந்தால் வேண்டாம், உள்ளே திருட்டு நிரல் இருக்கலாம். ஆர்டர் பார்க்கிற பையனுக்கு அட்மின் லாகின் எதற்கு? வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகினில் 'ஷாப் மேனேஜர்' என்ற பொறுப்பு இருக்கிறது, அதைக் கொடுங்கள்.

சைட் இருக்கும் அதே சர்வரில் மட்டும் பேக்கப் (சைட்டின் நகல்) கிடந்தால், சர்வரோடு அதுவும் போய்விடும். ஒரு நகல் வெளியே இருக்க வேண்டும். பாய்க் கடைக்கு வாரம் ஒருமுறை, ஆர்டர் எடுக்கும் கடைக்குத் தினமும். தீபாவளி நெருக்கடிக்கு முன்னால் ஒருமுறை அதிலிருந்து சைட்டை மீட்டும் பார்த்துவிடுங்கள்.

பணம் வாங்குவதை, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வேயின் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி விடுவதில்லை. "பணம் போட்டாச்சு" என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டாதீர்கள். கேட்வே கணக்கில் பணம் வந்ததைப் பார்த்த பிறகு கட்டுங்கள்.

சைட்டைத் தாக்க வருகிறவர்களைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குக் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் இலவசத் திட்டம் ஆரம்பத்துக்குப் போதும். சைட் பாதுகாப்புக்கு வருடச் சந்தா கேட்டு வருகிறவரிடம் மாதாமாதம் என்ன செய்வார், சைட் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழுப்புவார் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆன்லைன் மோசடியில் பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறிவிடும்.