நாலு இஞ்ச் கிரைண்டர்: கார்டு, டிஸ்க், கார்பன்

வெல்டிங் பட்டறை, கிரில் வேலை, பிளம்பிங் என எங்கே போனாலும் கையில் இருப்பது நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர்தான். லோடு இல்லாதபோது நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று ஓடும். அந்த ஓட்டத்தில் 100 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடும். டிஸ்க் உடைந்தால் துண்டும் அந்த வேகத்தில்தான் பறக்கும். அதை முகத்துக்கு வராமல் தடுப்பது டிஸ்க்கைப் பாதி மூடியிருக்கும் உலோகத் தகடான கார்டுதான். அதைத்தான் நம் ஊரில் முதலில் கழற்றி மூலையில் போடுகிறார்கள்.

கழற்றுவது பெரும்பாலும் பெரிய டிஸ்க் போடத்தான். 7 இஞ்ச் டிஸ்க் 8,500 சுற்றுக்குச் செய்யப்பட்டது. 11,000 சுற்றை அது தாங்காது. ஓட்டையும் பொருந்தாது: நாலு இஞ்ச் டிஸ்க்கின் துளை 16 மி.மீ., 5, 7 இஞ்ச் டிஸ்க்குகளுக்கு 22 மி.மீ.க்குச் சற்று மேல். மையம் விலகிச் சுற்றும் டிஸ்க் அதிரும், அதிர்ந்தே விரிசல் விடும். மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டுவது இன்னும் மோசம். பல் மரத்தில் கடித்த நொடியில் மெஷின் கையை மீறி எகிறும். மரத்துக்குச் சர்க்குலர் ரம்பம் இருக்கிறது.

டிஸ்க் வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் சுற்று எண்ணிக்கை மெஷின் பிளேட்டில் உள்ளதைவிட அதிகமாக இருக்க வேண்டும். நல்ல 100 மி.மீ. டிஸ்க்கில் 15,300 என்றிருக்கும். நடுவிலுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் குத்தியிருந்தால் அது காலாவதி தேதி; பொதுவாகத் தயாரித்ததிலிருந்து 3 வருடம். டிஸ்க்கைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற பசை. ஈரம் பட்டால் அது வலுவிழக்கும். தரையில் நனைந்த டிஸ்க்கையும் கீழே விழுந்த டிஸ்க்கையும் உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

1 மி.மீ. கட்டிங் டிஸ்க் வெட்ட மட்டும். வெட்டிய பிசிறை அதன் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்தால் வளைந்து உடையும். தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க் மாட்டி, 15 முதல் 30 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள்.

மாட்டும்போது முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. டிஸ்க் உட்காரும் வளையத் தட்டான உள் ஃபிளாஞ்சில் தூள் இல்லாமல் துடையுங்கள். டிஸ்க்கை இறுக்கும் லாக் நட்டின் மேடான பக்கம் தடித்த டிஸ்க்கை நோக்கியும், மெல்லிய டிஸ்க்குக்குத் தட்டையான பக்கமும் வரவேண்டும். தண்டு சுற்றாமல் பிடிக்கும் பட்டனான ஸ்பிண்டில் லாக்கை ஓட்டம் முழுதாக நின்ற பிறகே அழுத்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் லாக் பின் (ஊசி) முறியும். புது டிஸ்க் என்றால் அதன் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள்.

பைப்பை இரண்டு பக்கமும் தாங்கு வைத்து நடுவில் வெட்டினால், அறுபடும்போது பைப் தொய்ந்து பிளவு மூடி டிஸ்க்கைக் கவ்வும். மெஷின் உதைப்பது இதனால்தான். வெட்டி விழும் முனை தாங்குக்கு வெளியே தொங்கட்டும். பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். தோளில் தொங்கும் துண்டு, லுங்கி, தொளதொளத்த கையுறை எதுவும் வேண்டாம். கண்ணாடியும் அதன்மேல் முகக்கவசமும் வேண்டும். பொறி போகும் பக்கம் தின்னர் டப்பா, வேஸ்ட் துணி, நிறுத்திய பைக் இருக்கக்கூடாது.

பிளக் இல்லாமல் வயரை உரித்து சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் செருகும் பழக்கத்தை இன்றே விடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் கரண்ட் எடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 1.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையக்கூடாது. மெல்லிய நீண்ட வயரில் வோல்டேஜ் விழும், மோட்டார் சூடாகும். சுருளில் இருக்கும் வயரை முழுவதும் பிரித்துவிடுங்கள். கரண்ட் போனதும் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. மறந்தால், கரண்ட் வந்ததும் தரையில் கிடக்கும் மெஷின் தானாகக் கிளம்பும்.

பராமரிப்பில் பெரிய எதிரி இரும்புத் தூள். அது மின்சாரம் கடத்தும். மோட்டாரில் சுற்றாமல் நிற்கும் கம்பிச்சுருளான ஃபீல்டு காயிலில் படிந்தால் ஷார்ட் ஆகும். வேலை முடிந்ததும் மெஷினைச் சும்மா ஓடவிட்டு, பின்பக்கத் துவாரங்களில் பிளோயரால் ஊதுங்கள். மூக்கில் மாஸ்க் இருக்கட்டும். கியர் ஹெட்டில் கிரீஸ் பாதியளவுக்கு மேல் வேண்டாம். கூடினால் சூடாகி, மோட்டாரின் சுற்றும் பாகமான ஆர்மேச்சர் பக்கம் கசியும்.

மெஷின் விட்டுவிட்டு ஓடினால், ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கார்பன் கட்டிகளைப் பாருங்கள். 5, 6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஹோல்டரில் தூள் அடைத்தும் கார்பன் சிக்கும், அதையும் துடைக்க வேண்டும். புதிது போட்டபின் சில நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டினால், கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படியும். அங்கே சின்ன நீலப் பொறி தெரிவது சாதாரணம். பொறி வளையமாகச் சுற்றிவந்தால் கார்பன் மாற்றிப் பயனில்லை, ஆர்மேச்சர் போய்விட்டது. வைண்டிங் கடையில் விலை கேட்டுப் பாருங்கள்; மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்கிவிடலாம்.