வடபுலக் கலப்புக் காட்டின் மண்ணையும் தாவரங்களையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

கனடாவின் ஆல்பர்ட்டாவிலிருந்து சஸ்காட்செவன், மானிட்டோபா வரை நீளும் வடபுலக் கலப்புக் காட்டில், இலையுதிர்க்கும் ஆஸ்பென் மரமும் ஊசியிலை கொண்ட வெள்ளை ஸ்ப்ரூஸும் கலந்து வளர்கின்றன. புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் மரங்களைப் பார்த்தே மண்ணைக் கணிக்க முயல்கிறார்கள். ஆனால் ஆஸ்பென் பலவகை மண்ணிலும் வளரக்கூடியது என்பதால், தரையையொட்டி வளரும் செடிகளையும் பாசியையும் நம்புவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: மேடு, சரிவு, பள்ளம் மூன்றையும் கடக்கும் ஒரு நேர்க்கோட்டைத் தேர்ந்தெடுங்கள். மண்வெட்டி, அளவுநாடா, ஒரு குப்பித் தண்ணீர் ஆகியவை போதும். தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிக் குழி தோண்டக் கூடாது. கரடிகள் நடமாடும் இடம் என்பதால் தனியாகச் செல்லவும் வேண்டாம்.

இரண்டாம் படி: தோண்டுவதற்கு முன் தரையைப் பாருங்கள். ஆஸ்பென் நிழலில் முள்ரோஜாவும் புதர்களும் அகன்ற இலைச் சிறுசெடிகளும் அடர்ந்திருக்கும். ஆண்டுதோறும் உதிரும் இலைகள் மூடிவிடுவதால் அங்கே பாசி தழைப்பதில்லை. முதிர்ந்த ஸ்ப்ரூஸின் கீழோ இறகுப்பாசி மெத்தையாய்ப் பரவியிருக்கும். அதில் படிக்கட்டுப் பாசி என்னும் வகையின் ஒரு தண்டை மெல்லப் பிரித்தெடுத்தால், ஆண்டுக்கு ஒன்றாக, முந்தைய தளிரின் முதுகிலிருந்து அடுத்தது எழுந்திருப்பதைக் காணலாம். அந்தப் படிகளை எண்ணித் தண்டின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

மூன்றாம் படி: சரிவின் நடுவே சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒரு பக்கச் சுவரைச் செங்குத்தாகச் சீவுங்கள். மேலே மட்கும் இலைகளும் ஊசிகளும், அவற்றின் கீழே சாம்பல் நிறத்தில் வெளிறிய அடுக்கும், அதற்கும் கீழே பழுப்பு நிறக் களி அடுக்கும் தெரிந்தால், அது பெரும்பாலும் சாம்பல் லூவிசால் என்னும் மண்வகை. உருகும் பனியும் மழையும் நுண்ணிய களித் துகள்களைக் கீழே கொண்டுசென்று படியவைப்பதால்தான் மேலடுக்கு வெளிறிவிடுகிறது. களி அடுக்கிலிருந்து ஒரு கட்டியை எடுத்து விரலால் உடைத்துப் பாருங்கள். உடையும் முகங்களில் மெழுகு பூசியதுபோல் மினுங்கும் களிப்படலம் இதற்கு நேரடிச் சான்று. பிறகு சிறிது மண்ணை நனைத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்தித் தள்ளினால், களிமண் நீண்ட நாடாவாக வரும்; மணல் உதிர்ந்துவிடும்.

நான்காம் படி: அதே சோதனையை மேட்டிலும் பள்ளத்திலும் செய்யுங்கள். மணல்மேட்டில் ஜாக் பைன் மரமும் அதன் அடியில் வெளிறிய லைக்கனும் (பூஞ்சையும் ஆல்காவும் இணைந்து வாழும் உயிரி) இருக்கும். நீர் விரைவில் வடிந்துவிடும். பள்ளத்தில் கருப்பு ஸ்ப்ரூஸ், லாப்ரடார் தேயிலைச் செடி, ஸ்பேக்னம் பாசி ஆகியவை சேர்ந்திருந்தால் கீழே பீட் படிவத்தை, அதாவது ஈரத்தில் முழுதும் மட்காமல் சேர்ந்த தாவர எச்சத்தை, எதிர்பார்க்கலாம். அது 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், கனடாவில் அந்நிலத்தைப் பீட் நிலம் என்பார்கள். இடைப்பட்ட ஈரநிலத்தில் குதிரைவால் செடியும், மண்ணில் துருநிறத் திட்டுகளும் தென்பட்டால், நிலத்தடி நீர் ஏறி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் செடிகளையும் அடுக்குகளின் ஆழத்தையும் நிறத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முடிந்ததும், தோண்டிய மண்ணை அடியடுக்கு முதலாக அதே வரிசையில் நிரப்பி, பாசி மெத்தையை மேலே பொருத்திவிட வேண்டும்.